ஸ்டெல்லா அக்காவிடம் கேட்காதது

இந்த ஜெர்மன் ஊரில் எனக்கு இன்னும் பழகாத ஒன்று, உதவி கேட்டு வருபவரிடம் முதலில் அடையாள அட்டை கேட்பது. போன மாதம் நோயுற்ற குழந்தைகளுக்காக ஒருவர் நன்கொடை கேட்டு வந்தார். பக்கத்து வீட்டு இங்க்ரிட் கதவைத் திறந்ததும் "அவுஸ்வைஸ்?" என்றார். வந்தவர் முகம் கோணாமல் அட்டையை நீட்டினார். இங்க்ரிட் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் கூச்சம். எங்கள் ஊர் ஆம்பூரில் இப்படிக் கேட்டால் அதோடு பேச்சுவார்த்தை நின்றுபோகும்.

இங்கே பனிக்காலத்தில் நடுப்பகலும் அரை இருட்டு. சன்னலருகே நின்றால் விழித்திருக்கிறேனா என்றே தெரியாது. ஆம்பூர் ஷூ கம்பெனிச் சங்கு எங்கோ ஊதும். தோல் வாடை வரும். இடுப்பில் பிள்ளையோடு பெண்கள் ஷிப்டுக்கு ஓடுவார்கள். அந்தப் பிள்ளைகளுக்காகக் காப்பகம் நடத்துபவர் ஸ்டெல்லா அக்கா, ஒரு காலத்தில் என் பக்கத்து மிஷினில் ஷூ தைத்தவர். என் மகள் தவழ்ந்து பழகியது அங்கேதான். இந்த வருடம் வாடகை கட்ட முடியாமல் அதை மூடும் நிலை. இங்க்ரிட்டிடம் சொன்னேன். உதவுகிறேன் என்றவர், பதிவுச் சான்றும் தணிக்கை அறிக்கையும் வெளிநாட்டுப் பணம் வாங்க அரசு தந்த அனுமதியும் கேட்டார்.

"அவரை எனக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும்" என்றேன் ரோஷத்தோடு.

"நல்லது. அறிக்கை எப்போது வரும்?"

என்னைச் சந்தேகிக்கிறார் என்று நான் நினைத்தேன். கேள்வி எனக்குப் புரியவில்லை என்று அவர் நினைத்திருக்கிறார்.

அக்காவிடம் கேட்க நா எழவில்லை. கம்பெனிக்கு, ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் பார்வையிட வரும் நாட்கள் நினைவுக்கு வந்தன. அன்று தரை பளபளக்கும், எல்லோருக்கும் புது மாஸ்க். அவர் கார் ஏறியதும் மாஸ்க்கைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். சொல்லிவிட்டுப் போனால் உண்மை தெரியாது என்று கற்றவள் நான். அதனால் இன்னும் அதே கம்பெனியில் இருக்கும் தோழி நஸ்ரினை, பிள்ளை சேர்க்க வந்தவள்போல் அனுப்பினேன்.

மறுநாளே அக்கா போன் செய்தார்.

"இன்னா கலா, ஆடிட்டுக்கு ஆள் அனுப்பினியா? புள்ள சேக்க வந்தவ எவளாச்சும் ஃபயர் சிலிண்டர்ல டேட்டப் பாப்பாளா? ரெண்டு வார்த்த கேட்டேன், உன் பேர சொல்லிட்டா."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மன்னிப்புக் கேட்டேன்.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே. கேக்கறது தப்பில்ல. ஒளிஞ்சி பாத்த பாரு, அதான் பேஜாரா போச்சி."

அன்றே எல்லாத் தாள்களும் வந்தன. வாடகை பாக்கி, உதவியாளருக்குச் சம்பளம் தாமதம் என்று அறிக்கையில் ஒளிக்காமல் எழுதியிருந்தது. வரி வரியாக மொழிபெயர்த்துச் சொன்னேன். "குறையையும் எழுதியிருக்கிறார்களே" என்று நம்பிக்கையோடு இங்க்ரிட் பணம் அனுப்பினார். காப்பகம் தப்பித்தது.

நானும் என் பங்கை அனுப்புகிறேன் என்றதும் அக்கா தயங்கினார். "கோச்சிக்காத கலா. இப்ப உன் பாஸ்போர்ட்டு எந்த நாடு? இந்தியான்னா ஒரு பேங்க் கணக்கு, வெளிநாட்டுக்காரங்கன்னா வேற. காப்பி ஒண்ணு அனுப்பு."

கோபித்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை? போன வருடம்தான் ஜெர்மன் குடியுரிமை வாங்கினேன். பாஸ்போர்ட்டைப் படமெடுத்து அனுப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

பணம் போய்ச் சேர்ந்ததும் அக்கா பதிவேட்டைப் படமெடுத்து அனுப்பினார். வெளிநாட்டு நன்கொடையாளர்கள் பக்கத்தில், இங்க்ரிட்டுக்குக் கீழே என் பெயர். ஊர் என்ற கட்டத்தில் ஆம்பூர் என்று எழுதி, ஒற்றைக் கோட்டால் அடித்திருந்தார்.