பொத்துவிலிலிருந்து வந்த பிறை

இந்தப் பெருநாளுக்கு எங்கள் வீட்டில் கோழிக்கறி. கல்முனையில், இறைச்சிக் கடைக்காரரின் மச்சான் வீட்டில், பெருநாளன்று கோழி! ஏன் என்று ஊரே கேட்டுவிட்டது. நீங்களும் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

என் ரேடியோப் பைத்தியம் ஊரறிந்த விஷயம். பாட்டுக் கேட்கிற ரேடியோ அல்ல, ஊர்விட்டு ஊர் பேசுகிற ரேடியோ. கூரைமேல் அன்டெனா, விசாரிக்க வருகிறவர்களுக்குக் காட்டச் சட்டைப் பையில் லைசென்ஸ்... அது இவ்வருடம் முற்றிவிட்டது. ரேடியோவோடு கம்ப்யூட்டரைக் கோர்த்து, எழுத்தையே காற்றில் அனுப்புகிற வித்தை! அதற்கான புத்தம்புது மென்பொருளை வெளிநாட்டு நண்பர் ஒருவர் தபாலில் அனுப்பியிருந்தார். 'இன்னும் சோதனையில் உள்ளது, உங்கள் பொறுப்பில் பாவியுங்கள்' என்று ஒரு குறிப்பும் கூடவே வந்தது. குறிப்பையெல்லாம் யார் வாசிக்கிறார்கள்?

பொத்துவிலில் ரேடியோ திருத்தும் ஹனீபா ஒரு முனை. நடுவில் அக்கரைப்பற்று லத்தீப். இந்த முனையில் நான். ஹனீபா தட்டுவதை லத்தீபின் பெட்டி வாங்கி எனக்குத் தரும். ஓர் எழுத்து பிசகினாலும் திருப்பிக் கேட்டு வாங்கும். அடுத்த பெட்டி அகப்படாவிட்டால், அகப்படும்வரை செய்தியைப் பத்திரமாக வைத்திருக்கும். எங்கள் வீட்டில் யாருக்காவது அந்தப் பொறுப்பு உண்டா?

'சுகமா, சாப்பிட்டாச்சா' என்று அனுப்பி அலுத்துப்போனோம். பெரிதாக ஒன்று செய்யவேண்டும். பிறைச் செய்தி! நோன்பு இருபத்தொன்பதின் மாலை பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். பொத்துவில் வயல்வெளிக்கு மேலே அது தெரிந்தால், கொழும்பு ரேடியோ சொல்லுமுன் கல்முனை அறியவேண்டும்.

இதைக் கேட்டுத் துள்ளியவர் கலீல் மச்சான் – என் மனைவி 'காக்கா' என்று அழைக்கும் அவளுடைய அண்ணன், இறைச்சிக் கடைக்காரர். பெருநாள் இரவில் முந்தி அறுத்தவருக்குத்தான் வியாபாரம். ஆனால் அறுத்தபிறகு மறுநாளும் நோன்பு என்றாகிவிட்டால்? இறைச்சி நாறும், கையிருப்பும் போகும். இரண்டு காளைகளைக் கட்டிவைத்தார்; அதை ஹனீபாவுக்கும் தட்டி அனுப்பினேன். இருபத்தொன்பதாம் நோன்பன்று மச்சான் என் வீட்டிலேயே வந்து நோன்பு திறந்தார்.

"உன்ட பெட்டி பொய் சொல்லாதுதானே, மச்சான்?"

"மனிசன்தான் பொய் சொல்லுவான். இது ஒரு எழுத்தும் பிசகாது."

கஞ்சிக் கோப்பை பாதியில் இருக்க, திரையில் ஓடியது: 'பிறை கண்டோம். பெருநாள் வாழ்த்துகள் – ஹனீபா.' ஆங்கில எழுத்தில் அச்சொட்டான தமிழ்!

"அல்லாஹு அக்பர்!" மச்சான் கஞ்சியை வைத்துவிட்டுக் கடைக்கு ஓடினார். நான் திரையில் கண்டதை அப்படியே தாளில் எழுதிக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடினேன்.

மௌலவி நிதானமாக வாசித்தார்.

"ஹனீபாக்கிட்ட இருந்து இத வாங்கினது ஆரு?"

"லத்தீப்ட பெட்டி, மௌலவி."

"லத்தீப் எங்க?"

"அவரு நோன்பு திறக்கப் போயிருப்பாரு. பெட்டி தானா வாங்கித் தானா தரும்."

"அப்ப இடையில ஆளே இல்ல?"

ஒரு ஹதீஸ், அதாவது நபிமொழி, யார் யார் வாய்வழியாக வந்தது, அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று துருவிப் பழகியவர் அல்லவா? என் பெட்டிகளையும் அறிவிப்பாளர் வரிசையில் நிறுத்திவிட்டார்! விரல் தாளின் உச்சிக்குப் போனது.

"தம்பி, இதில 1980 ஜனவரி என்டு இரிக்கே?"

"கம்ப்யூட்டர நிப்பாட்டிப் போட்டா அந்தத் திகதிதான் காட்டும். அதப் பாக்கத் தேவல்ல, மௌலவி."

"இண்டைக்கு என்ன நாள் என்டே தெரியாத ஒரு பெட்டிட சாட்சியில பெருநாள் எடுக்கச் சொல்றீங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபம்! விஞ்ஞானத்தின் அருமை இவர்களுக்கு எப்போது விளங்கப்போகிறது என்று மனதுக்குள் ஒரு பயானே, நீண்ட பிரசங்கமே, செய்தேன்.

பயான் முடியுமுன் கொழும்பு ரேடியோ அறிவித்துவிட்டது. நாட்டில் எங்கும் பிறை தென்படவில்லை. மறுநாளும் நோன்பு, முப்பதாவது.

கடைக்கு ஓடினேன். இரண்டு காளைகளும் கொக்கியில் தொங்கின. மச்சான் கையில் கத்தி. நான் கொஞ்சம் தள்ளியே நின்றேன்.

"இப்ப இத ஆருக்கு விக்கிற? உன்ட பெட்டிக்கா?"

நடந்தது பிறகுதான் தெரிந்தது. முதல் நாளே ஹனீபா ஒத்திகை பார்த்திருக்கிறார் – அனுப்பப்போகும் செய்தியையே தட்டி! அக்கரைப்பற்றில் கரண்ட் இல்லை. செய்தி தொலைந்தது என்று அவர் மறந்துவிட்டார். அவருடைய பெட்டியிலிருந்த மென்பொருள் மறக்குமா? மறுநாள் மாலை லத்தீப் பெட்டியைப் போட்டதும், பத்திரமாக வைத்திருந்ததைக் கொண்டுவந்து என்னிடம் சேர்த்துவிட்டது. சேர்த்த கையோடு அங்கே மறுபடி கரண்ட் போய்விட்டது.

இறைச்சி தெருத்தெருவாக, விடியுமுன் உண்ணும் சஹர் சாப்பாட்டுக்குப் போனது. விற்றது கொஞ்சம், கொடுத்ததுதான் அதிகம். மௌலவி வீட்டுக்கும் ஒரு பங்கு. "இறைச்சி சோக்கா இரிந்திச்சு தம்பி. அறிவிப்பாளர்தான் பலவீனம்" என்றார்.

அடுத்த இரவு, உண்மையான பெருநாள் இரவு, ஊரே இறைச்சிக் கடைகளில் நெரிந்தது. மச்சானுக்கு வேறு காளை கிடைக்கவில்லை. அவருடைய கடை மட்டும் பூட்டிக் கிடந்தது. வேறு கடையில் வாங்க என் மனைவிக்கு மனம் வரவில்லை. ஆகவே கோழி.

பெருநாள் தொழுகை முடித்து மச்சானை வற்புறுத்திச் சாப்பிடக் கூட்டிவந்தேன். கோழிக்கறியை ஓரமாகத் தள்ளிவிட்டு வெறும் சோற்றைப் பிசைந்தார். அந்த நேரம் பார்த்து அறைக்குள் பெட்டி கீச்சிட்டது. அக்கரைப்பற்றுக்குக் கரண்ட் வந்துவிட்டது போலும். ஹனீபா முந்தாநாள் மாலை அனுப்பிய செய்தி:

'இங்கு பிறை இல்லை. மாட்டை அறுக்கவேண்டாம் என்று மச்சானிடம் உடனே சொல்லவும்.'

ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை.