இழுத்துப் பார்த்ததாகச் சொன்ன நாள்

சம்பந்தி தன்னுடைய காரின் பின்பெட்டியில் இருந்து ஒரு பழைய கார்ட்போட் மட்டையை எடுத்து ஈரத் தரையில் விரித்தார். பிறகு கழுவி மினுக்கி நிறுத்தியிருந்த சில்லுப் பூட்டிய வீடு போன்ற என்னுடைய புதுக் கேம்பருக்குக் கீழே முதுகு வைத்துப் படுத்தார். வெளியே தெரிந்தது அவருடைய சப்பாத்துகள் மட்டும்தான். கேம்பர் விற்கிற ஆள் என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக இவ்வளவு பெரிய சாமான் ஒன்றை வாங்கி நிற்கிற நேரத்தில், என்னோடு வந்த மனிசர் திருட்டுப் பொருளைச் சோதிக்கிற பொலிஸ்காரர் மாதிரி அடியில் கிடக்கிறார். குனிந்து, "புதுச் சாமானை என்னத்துக்குச் சம்பந்தி சோதிக்கிறியள்?" என்று கேட்டேன். "புதுசு எண்டபடியால்தான் சம்பந்தி. பழசெண்டால் ஆரும் ஒருத்தன் ஓடிப் பாத்திருப்பான்" என்று கீழேயிருந்து பதில் வந்தது.

அவருடைய ஒரே மகளைத்தான் என்னுடைய மகன் கட்டியிருக்கிறான். அவர் இருப்பது பிறம்ரனில், நான் ஸ்காபரோவில், மோர்னிங்சைட் பக்கம்; காரில் ஒரு மணித்தியால ஓட்டம். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். இந்த நகரத்துக்கு வந்து முதல் செய்த வேலை உணவகத்தில் கோப்பை கழுவியது. பிறகு இரவிரவாகக் கட்டடம் கூட்டினேன். அதற்குப் பிறகு கட்டடம் கூட்டுகிற கொம்பனி ஒன்றை நானே தொடங்கினேன். கடைசியில் பதினாறு வான்கள் என் பெயரை எழுதிக்கொண்டு ஸ்காபரோவெங்கும் ஓடின. இதைச் சொல்லாமல் நான் ஒருவரோடும் பத்து நிமிடம் கதைத்ததில்லை, இப்போதும் சொல்லிவிட்டேன். சம்பந்தி முப்பது வருடம் பெரிய ட்ரக் ஓடியவர், முழுக்க வேறு ஆட்களுடைய ட்ரக். ஒரு விபத்து இல்லை, ஒரு தண்டச்சீட்டு இல்லை. ஆனாலும் நான் முதலாளி, அவர் சாரதி என்கிற எண்ணம் எனக்குள் எப்போதும் இருந்தது. வாயால் சொன்னதில்லை. நடந்துகொண்ட விதத்தில் அது அவருக்குத் தெரிந்திருக்கும்.

கொம்பனியை விற்று ஓய்வெடுத்ததும் பின்னால் திறந்த பெட்டி வைத்த ஒரு பெரிய பிக்கப்பும், முப்பத்துநாலு அடி நீளத்தில் இந்தக் கேம்பரும் வாங்கினேன். உள்ளே கட்டில், குசினி, குளியலறை எல்லாம் உண்டு. சாதாரண ட்ரெயிலர் போல இது பிக்கப்பின் பின்பம்பரில் கொழுவுப்படுவதில்லை. பிக்கப்பின் பெட்டிக்குள் பூட்டிய பெரிய இரும்புத் தட்டின்மேல் அதன் கழுத்து வந்து இருக்கும், கழுத்தின் கீழ் நீட்டிக்கொண்டிருக்கிற தடித்த இரும்பு முளையைத் தட்டின் தாடை கவ்விக்கொள்ளும். அந்தக் கவ்வலில்தான் எல்லாம் இருக்கிறது. கேம்பர் எடுக்கப் போகும்போது மகன்தான் மாமாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ என்றான். எனக்கு விருப்பம் இல்லை. ஆனாலும் மூன்று மணித்தியாலம் அவர் பின்னால் நடந்தேன். ஒரு சில்லின் நட்டுகள் சரியாக இறுக்கப்படவில்லை என்று கண்டுபிடித்தார். ஏணி வைத்துக் கூரையில் ஏறி, ஓரத்துப் பசை ஒட்டாமல் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருப்பதைக் காட்டினார். நாலு ரயரில் ஒன்றில் காற்றுக் குறைவு. பின்பக்கத்து லைற் ஒன்று எரியவில்லை. எல்லாவற்றையும் ஒரு கடதாசியில் எழுதி, திருத்தித் தந்த பிறகுதான் கையெழுத்து என்றார். அலுவலக அறையிலிருந்து மனேஜர் எழும்பி வந்து அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கி, நீங்கள் மெக்கானிக்கா என்று கேட்டான். வாங்கியவன் நான். என் கையை அவன் குலுக்கவில்லை. இதையெல்லாம் இவ்வளவு காலம் நினைவில் வைத்திருக்கிறேன் என்பதே என்னைப் பற்றிச் சொல்லும்.

கொழுவுகிற முறையை எனக்கு இரண்டு தரம் செய்து காட்டினார். கேம்பரின் முன்கால்கள் நிலத்தில் ஊன்றியிருக்கும்போதே பிக்கப்பைப் பின்னுக்கு எடுத்து முளையைத் தாடைக்குள் விடவேண்டும். கேம்பர் அளவுக்கு மேல் உயர்ந்து நின்றால் முளை தாடைக்கு மேலே போய்ச் சும்மா குந்திக்கொள்ளும், பார்ப்பதற்குக் கொழுவுப்பட்டது போலவே இருக்கும். ஆகவே கால்களை மடக்குவதற்கு முன் கேம்பரின் பிறேக்கைப் பிடித்துக்கொண்டு பிக்கப்பை மெல்ல முன்னுக்கு எடுத்துப் பார்க்கவேண்டும். பூட்டாமல் இருந்தால் கழன்று கால்களிலேயே நிற்கும், ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. "சத்தத்தை நம்பாதேங்கோ, கண்ணை நம்பாதேங்கோ சம்பந்தி. இழுத்துப் பாத்தாத்தான் கொழுவினதெண்டு கணக்கு" என்றார். நான் தலையாட்டினேன். பதினாறு வான் நடத்தினவனுக்கு இதுவும் ஒரு வித்தையா என்று மனதுக்குள் நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாகனப் பூசை வைத்தேன். சொந்தக்காரர் நாற்பது பேரைக் கூப்பிட்டிருந்தேன். பூசை முடிந்ததும் அங்கிருந்தே முதல் பயணம் புறப்படுவதாக ஏற்பாடு. கோயில் வாசலுக்குக் கேம்பரோடு வர இடம் காணாது என்று ஐயர் சொல்ல, சம்பந்தி பின்வளவில் கேம்பரைக் கழற்றிவிட்டார். பிக்கப்புக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்தார்கள். இனி ஒரு குறையும் வராது என்று நான் சொன்னேன். "தேசிக்காய் சில்லுக்குத்தான் சம்பந்தி, கொழுக்கியை நாங்கள்தான் பாக்கவேணும்" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் சுட்டது. சாப்பிட்டுவிட்டு வந்து கொழுவித் தருவதாக எல்லோருக்கும் கேட்கச் சொல்லிக்கொண்டு மற்றவர்களோடு அவர் மண்டபத்துக்குள் போனார்.

நான் காத்திருக்கவில்லை. நல்ல நேரம் முடியப்போகிறது என்பது எனக்கு நானே சொன்ன சாட்டு. உண்மையான காரணம் வேறு. எல்லோரும் வெளியே வரும்போது, ஒருவருடைய உதவியும் இல்லாமல் நான் கொழுவி முடித்து ஸ்டியரிங்கில் இருக்கவேண்டும். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிக்கப்பைப் பின்னுக்கு எடுத்தேன். டக் என்று ஒரு சத்தம் கேட்டது. வயரையும், கழன்றால் கேம்பரின் பிறேக்கைப் பிடிக்கவைக்கிற பாதுகாப்புக் கேபிளையும் கொழுவினேன். இழுத்துப் பார்க்கவில்லை. பொத்தானை அமத்திக் கால்களை மடக்கிவிட்டு ஸ்டியரிங்கில் ஏறி இருந்தேன். அப்போது சம்பந்தி கையைத் துடைத்தபடி, மற்றவர்கள் சாப்பிட்டு எழும்ப முதலே தனியாக வந்துகொண்டிருந்தார். கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்று, "இழுத்துப் பாத்தனீங்களோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். அவர் பெட்டிக்குள் குனிந்து பார்க்க எத்தனித்தார். "ஓம் எண்டு சொல்லுறன், பிறகென்ன?" என்றேன். அவர் விலகி நின்றார்.

கோயில் வளவிலிருந்து தெருவுக்கு ஏறுகிற இடத்தில் சிறிய மேடு ஒன்று உண்டு. பிக்கப் ஏறியது, கேம்பர் ஏறவில்லை. முளை தட்டிலிருந்து வழுக்கி, முப்பத்துநாலு அடியும் முன்பக்கம் சரிந்து பிக்கப்பின் பெட்டிமேல் விழுந்த சத்தத்தில் கோயில் மண்டபத்துக்குள் நின்றவர்களும் வெளியே ஓடி வந்தார்கள். கேபிள் இழுபட்டுப் பிறேக் பிடித்ததால் அது பின்னுக்கு உருளவில்லை. பின்னால் என் மகன் நின்றான், பக்கத்தில் மருமகள், அவள் கையைப் பிடித்தபடி பேத்தி. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிக்கப்பின் பின்கதவு தகரப் பேணி போல நசுங்கிக் கிடந்தது. யாரோ, "ஆர் கொழுவினது?" என்று கேட்டார்கள். நாற்பது பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் வாய் யோசிக்காமல் பேசியது. "சம்பந்திதான் கொழுவினவர்."

அவர் என்னைப் பார்த்தார். கோபப் பார்வை இல்லை. எனக்குக் கழுத்து வலிக்கிறதா என்று கேட்டார், இல்லை என்றேன். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "ஓம், நான் வடிவாப் பாத்திருக்கவேணும்" என்றார். பயந்துபோய் நின்ற என் மகன், மாமா, முப்பது வருசம் ஓடின நீங்களே இப்படிச் செய்தால் என்று தொடங்கி, சபையில் சொல்லக்கூடாத சொற்களையும் சொன்னான். மருமகள் தகப்பனுடைய முகத்தைப் பார்க்காமல் பேத்தியின் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தாள். நான் மடித்துக் கட்டிய வேட்டியைக் கீழே இறக்கி விட்டேன். அந்த நேரத்தில் என்னுடைய ஒரு சொல் போதுமாக இருந்தது.

சம்பந்திக்குச் சனிக்கிழமைகள்தான் கிழமையின் மற்ற நாட்களை விடப் பெரியவை. பிறம்ரனில் இருந்து வந்து பேத்தியை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய், பிறகு எங்கேயாவது அவளுக்கு விருப்பமானதை வாங்கிக் கொடுத்துக் கொண்டுவந்து விடுவார். மனைவியை இழந்த மனிசர், அவருக்கு வேறு ஒன்றும் இல்லை. அந்த ஞாயிறுக்குப் பிறகு மகன் அதை நிறுத்திவிட்டான். அவருக்கு வயது போய்விட்டது, கவனம் குறைந்துவிட்டது, பிள்ளையை அவருடைய காரில் அனுப்பப் பயமாக இருக்கிறது என்றான். இனிமேல் நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கோ அப்பா என்று என்னைக் கேட்டான். நான் போனேன். சம்பந்தியின் சனிக்கிழமைகளை எட்டு மாதம் நான் ஓடினேன். கலியாண வீடுகளில் சம்பந்தியைக் கண்டால் கேம்பர் விழுத்தின கதையைச் சொல்லிப் பகிடி பண்ணுவார்கள். அவரும் சிரிப்பார். நான் தேத்தண்ணி எடுக்கிற சாட்டில் எழும்பிவிடுவேன்.

ஒரு சனிக்கிழமை பின்சீற்றில் இருந்து பேத்தி கேட்டாள். "அப்பப்பா, அம்மப்பா சேஃபா ஓட மாட்டாராம். அது உண்மையா?" ஆர் சொன்னது என்றேன். அப்பா சொன்னதாகச் சொன்னாள். அடுத்த சந்தியில் கார் நின்றபோது, "அவர் ஒருநாளும் வேகமா ஓடினதில்லையே" என்றாள், தனக்குத் தானே சொல்வது போல. சிவப்பு விளக்கு பச்சையாகி, பின்னால் நின்றவன் ஹோர்ன் அடிக்கும்வரை நான் காரை எடுக்கவில்லை.

அன்று பின்னேரம் மகனுடைய வீட்டுக் குசினியில் நின்றபடியே, அன்று கொழுவினது நான்தான், இழுத்துப் பார்க்காமலே ஓம் என்றேன் என்று சொன்னேன். மகன் கதிரையில் இருந்துவிட்டான். மருமகள், "என்ர அப்பா எட்டு மாசம் இதை வாயில வைச்சுக்கொண்டு இருந்தவரோ?" என்று மட்டும் கேட்டாள். என்னைக் கேட்டாளா, தன்னைத்தானே கேட்டாளா தெரியாது. பிறகு போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். அவள் அழுத சத்தம் கீழே கேட்டது.

மறுநாள் பிறம்ரனுக்குப் போனேன். சம்பந்தி தேத்தண்ணி தந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். என்னை ஏன் அன்று காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன். "என்ர பிள்ளை உங்கட குடும்பத்தில வாழுறாள்" என்றார். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, "பிழை என்னிலையும் இருக்கு. முப்பது வருசம் ஆர் என்ன சொன்னாலும் நான் இறங்கிப் பாக்காமல் ட்ரக் எடுத்ததில்லை. அண்டைக்கு நீங்கள் ஓம் எண்டியள், சொந்தம் எண்டு நம்பிட்டன்" என்றார். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார்.

சனிக்கிழமைகள் அவருக்குத் திரும்பக் கிடைத்துவிட்டன. கேம்பரை விற்றுவிட்டேன். உண்மை என்ன என்று சொந்தக்காரருக்கும் சொன்னேன், சிலர் நம்பினார்கள், சிலருக்குப் பழைய கதைதான் பிடித்திருக்கிறது. சம்பந்தி என் வீட்டுக்கு வருகிறார், சுகம் விசாரிக்கிறார், முன்னரை விட மரியாதையாகப் பேசுகிறார். போன பொங்கலன்று எல்லோரும் கோயிலுக்குப் புறப்பட்டு என் வீட்டு வாசலில் நின்றோம். அடுப்பை நிப்பாட்டியாச்சோ என்று கேட்டார். நிப்பாட்டியாச்சு என்றேன். நல்லது என்று சிரித்தார். பிறகு போட்ட சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, குசினிப் பக்கம் மெல்ல நடந்து போனார். அவர் திரும்பி வரும்வரை நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.