வெளியாளுக்குச் சொல்லுற பேரு

நோட்டுல எழுதிக்கினு போறவங்களக் கண்டா எனக்கு ஆவாது. எனக்கு மட்டுமா, எங்க ஜனத்துக்கே ஆவாது. சாலவாக்கம் பக்கம் ஏரிக்கரை ஓரமா குடிசை போட்டுக்கினு கீற இருளருங்க நாங்க. எங்கனா மோட்டார் ஒயர் திருடு போனா, எவன் பேரு ஸ்டேஷன் நோட்டுல கீதோ அவனை மொதல்ல ஜீப்புல ஏத்துவாங்க. அதனால எங்க தெருவுல ஆளுக்கு ரெண்டு பேரு. ஒண்ணு நமக்கு, இன்னொண்ணு வெளியாளு கேட்டா சொல்றதுக்கு.

மனைப்பட்டா கேட்டு கலெக்டர் ஆபீசு முன்னால உக்காரப் போறோம்னு எங்க ஜனத்து சங்கத்துல முடிவாச்சு. அதுக்கு ரெண்டு நாளு முன்னால, சங்கம் அனுப்பிச்சுன்னு சொல்லிக்கினு டவுன்லேர்ந்து ஒரு பொண்ணு வந்துச்சு. தண்ணி பாட்டில், ஈரத்துண்டு, கயண்டு போவாத செருப்பு எல்லாம் எடுத்துக்குங்க, நகை மட்டும் போட்டுக்கினு வராதீங்கன்னுச்சு. "நகையா? எங்க கீதும்மா, நீயே தேடிக் குடுத்துட்டுப் போ"ன்னேன். தெருவே சிரிச்சுது. கூட்டம் தள்ளுச்சுன்னா ஓடாம கைகோத்து ஓரமா வரணும்னு சொன்னது நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் நோட்டை எடுத்துச்சு பாரு, எனக்கு பகீர்னுச்சு. பேரு இன்னா, உடம்புக்கு இன்னா, இன்னா மாத்திரை சாப்புடுறீங்க? நான் இன்னா மாத்திரை முழுங்கினா ஒனக்கு இன்னாடி? இப்படி சிரிச்சி சிரிச்சி பேசுறவதான் போலீசுல போட்டுக் குடுப்பா.

கண்ணைக் காட்டினேன். தெரு மொத்தமும் வெளிப்பேரைச் சொல்லிச்சு. என் ஓரகத்திக்கு வலிப்பு கீது, மதிய மாத்திரை தவறவே கூடாது. அவளும் "உடம்புக்கு ஒண்ணுமில்ல"ன்னுட்டா. போதாததுக்கு அவளைத் தனியா வேற கூட்டிக்கினு போய் சொன்னேன்: "அங்க எவனாவது உன் நெசப் பேரைச் சொல்லிக் கூப்புட்டா வாயத் தொறக்காதே. அடையாளம் பாத்துக்குவான்."

கலெக்டர் ஆபீசாண்ட போய் உக்காந்த அன்னிக்கும் எனக்கு எல்லார் மேலயும் டவுட்டுதான். மோர் குடுத்தவன் எந்தக் கட்சி? போட்டோ புடிக்கிறவன் மப்டி போலீசா? எவனாவது பையை அடிச்சிக்கினு பூடுவான்னு ஓரகத்தி மாத்திரையையும் நானே எடுத்து இடுப்புல சொருவிக்கினேன்.

பதினோரு மணிக்கெல்லாம் போலீசு எங்களை வேன்ல ஏத்த ஆரம்பிச்சுது. தள்ளுமுள்ளுல அவ கை வுட்டுப்போச்சு. என்னை ஒரு கல்யாண மண்டபத்துல அடைச்சாங்க, அவளை இன்னொரு மண்டபத்துக்குக் கொண்டு பூட்டாங்க. சோத்துப் பொட்டலம் வந்துச்சு, மதியம் தாண்டிச்சு. மாத்திரை எங்கிட்ட கீது. எழுந்து வாசலாண்ட ஓடினேன்.

மண்டபத்து கேட்டாண்ட அதே பொண்ணு அதே நோட்டை வச்சிக்கினு நின்னுக்கினு இருந்துச்சு. யாரு எந்த மண்டபத்துல கீறாங்க, யாருக்கு இன்னா மாத்திரை உள்ள அனுப்பணும்னு பாத்துக்கினு இருந்துச்சு. அதுக்குத்தான் எழுதுச்சாம். அடப் பாவி, இதை அன்னிக்கே புரியறாப்புல சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன், அது வேற.

ஓரகத்தி நெசப் பேரைச் சொன்னேன். வலிப்பையும் சொன்னேன். அது நோட்டைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு. அவளை அடைச்ச மண்டபத்துல கீற சங்கத்து ஆளுக்கு உடனே போன் போட்டுச்சு. அவரு மைக்குல அவ பேரைச் சொல்லிக் கூப்புட்டது போன்லயே கேட்டுச்சு. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்.

"அப்படி யாரும் இல்லையாம்கா."

"கீறாம்மா! அங்கதான் கீறா! போனை மைக்காண்ட வைக்கச் சொல்லு, நான் கூப்புடுறேன்"னு கத்தினேன். அதுக்குள்ள அந்தப் பக்கம் பொம்பளைங்க கூச்சல் கேட்டுச்சு.

சாயங்காலம் எங்களை வுட்டதும் அவளைச் சேத்திருந்த ஆசுபத்திரிக்கு ஓடினேன். வலிப்பு வந்து விழுந்ததுல அவளுக்கு நெத்தியில தையல், பல்லு பட்டு நாக்கு கிழிஞ்சிருந்துச்சு. என்னைச் செருப்பால அடிச்சாலும் தகும்னு நின்னேன். அவ என்னைப் பாத்து சிரிச்சா. கிட்ட வான்னு கையைக் காட்டினா. வீங்கின நாக்கை வச்சிக்கினு மெதுவா சொன்னா:

"மூணு தரம் கூப்புட்டாங்கக்கா. நான் வாயே தொறக்கல."