எல்டர் ஹாப்கின்ஸ் எங்கள் வீட்டில் குடித்த தண்ணீர்

எல்டர் ஹாப்கின்ஸ் போய்விட்டாராம். அமெரிக்காவில்... போன வாரம்.

நம் திருவள்ளூர் ஃபேஸ்புக் குரூப்பில் அவருடைய மகள் ஒரு பழைய போட்டோவைப் போட்டு, இந்தக் குடும்பத்தை யாருக்காவது தெரியுமா என்று கேட்டிருந்தாள். போட்டோவில் அவருக்குப் பக்கத்தில் நிற்பது என் அப்பா.

உங்களில் யாருக்கும் அவரைத் தெரிந்திருக்காது. எழுபதுகளின் நடுவில் நம் ஊருக்கு வந்த, மார்மன் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ சபையின் ஊழியக்காரர். வயது இருபது. அதற்குள் எல்டர், அதாவது மூப்பர்! எங்கள் சர்ச்சில் மூப்பர் என்றால் பாதிப் பல்லாவது விழுந்திருக்க வேண்டும். இவருக்கு மீசையே சரியாக முளைக்கவில்லை.

மே மாத வெயிலிலும் வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, சைக்கிள். எப்போதும் கூடவே இன்னொரு பையன். தனியாக எங்கேயும் போகக் கூடாது என்பது அவர்கள் ரூல்.

ஸ்டேஷன் பக்கம் ஒரு ரூம். காலை ஆறரைக்கு எழுந்து முட்டி போட்டு ஜெபம், அப்புறம் தமிழ்ப் பாடம், அப்புறம் நாள் முழுக்கத் தெருத்தெருவாக... முக்கால்வாசி வீட்டில் கதவைச் சாத்துவார்கள். சிரித்துக்கொண்டே அடுத்த கதவைத் தட்டுவார். வாரத்தில் ஒரு நாள் துணி துவைத்துவிட்டு அம்மாவுக்கு லெட்டர் எழுதுவார்.

அப்பாவுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். ஒருநாள் எல்டர் எங்கள் காலனி பம்பிலிருந்து எங்கள் வீட்டுக்கு இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார். சட்டை டை எல்லாம் தொப்பலாக நனைந்து, காலனியே கூடி நின்று சிரித்தது. போட்டோ அன்றைக்கு எடுத்ததுதான்.

"இன்னா தம்பி, ஊடு போய்ச் சேர்றதுக்குள்ள கொடத்துல ஒண்ணும் மிஞ்சாது போல கீதே!" என்றார் அப்பா.

"நான் மறுபடியும் கொண்டுவருகிறேன் ஐயா." புத்தகத் தமிழ். சொன்ன மாதிரியே மறுபடியும் கொண்டுவந்தார்.

ஒரு சனிக்கிழமை மாலை இருவரையும் வீட்டுக்கு வரச் சொன்னார் அப்பா. அப்போது அவர் பண்ணை வேலையை விட்டுக் காக்களூரில் ஒரு பட்டறையில் சேர்ந்து கொஞ்ச காலம்தான். பண்ணைக்காரர் எங்கள் வாசற்படி ஏற மாட்டார். எங்கள் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்க மாட்டார். அப்படிப்பட்ட வீட்டுக்கு வெள்ளைக்காரர் வந்து உட்காரப் போகிறார் என்றால்... அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். நாற்காலிகூட இரவல் வாங்கிப் போட்டார்.

அன்றைக்கென்று பட்டறையில் லேட். அம்மா கல்யாணத்துக்குப் பள்ளிப்பட்டு போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும். பதினேழு வயது.

"உள்ள வாங்க பிரதர், அப்பா இப்ப வந்துடுவாரு."

"மன்னிக்க வேண்டும் சிஸ்டர். வீட்டில் ஆண்கள் இல்லாதபோது நாங்கள் உள்ளே வரக் கூடாது. எங்கள் ரூல்."

டீ கொண்டுவந்து நீட்டினேன். டீ, காபி இரண்டும் அவர்கள் மார்க்கத்தில் கூடாதாம். அதையும் பொறுமையாக விளக்கினார்.

எதிர்வீட்டு எஸ்தர் அக்கா அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "இன்னாடி, வெள்ளக்காரனுக்கும் நம்ம ஊடு ஆவலியா?" சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. டம்ளரோடு உள்ளே வந்துவிட்டேன்.

அப்போதுதான் எல்டர், "சிஸ்டர், தண்ணீர் கிடைக்குமா?" என்று கேட்டார். எங்கள் பானையில் மொண்டு எங்கள் சொம்பில் கொடுத்தேன். வாய் வைத்துக் குடித்தார். இன்னொரு சொம்பும் கேட்டு வாங்கி, கூட வந்தவருக்கும் கொடுத்தார். அரை மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டுப் போனார்கள்.

அப்பா ஓட்டமும் நடையுமாக வந்தார். "இன்னாமா, வந்தாங்களா?"

"வந்தாங்க. உள்ள வர மாட்டேன்னுட்டாங்கப்பா. டீயக்கூட தொடல."

காரணம் சொல்லவில்லை. தண்ணீரைச் சொல்லவில்லை.

அக்கா முன்னால் அவமானப்பட்ட கோபம். அந்தக் கோபம் எனக்குப் பிடித்தும் இருந்தது... அதுதான் உண்மை. அப்பா முகம் செத்துப்போனதைப் பார்த்த பிறகாவது வாயைத் திறந்திருக்கலாம்.

மறுநாள் எல்டர் வந்தார். அப்பா வாசலை மறித்து நின்றார். "எங்க ஊடு உங்களுக்கு ஆவாது. உங்க சபை எங்களுக்கு ஆவாது. கெளம்பு தம்பி."

எல்டர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். 'நேற்று தண்ணீர் குடித்தேனே' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதற்கு இங்கே என்ன மதிப்பு என்று அந்தப் பையனுக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் காலனியில் ஒரு கதவும் அவர்களுக்குத் திறக்கவில்லை. கொஞ்ச நாளில் ஊரைவிட்டே போய்விட்டார்கள். வெள்ளைக்காரன் அவமதித்ததை மறைக்காமல் அப்பாவிடம் சொன்ன ரோஷக்காரி என்று எனக்கு மட்டும் நல்ல பேர். வெட்கமில்லாமல் அதை வாங்கிக்கொண்டேன்.

அப்பா கும்மிடிப்பூண்டிக்கு வேலை மாறின பிறகும், போகிற கல்யாண வீட்டிலெல்லாம் இதே கதைதான். "வெள்ளக்காரனையே வாசலோட அனுப்சவன் நானு!" பக்கத்தில் உட்கார்ந்து நானும் சிரித்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் அவருடைய கடைசி பத்து நாளும் கூடவே இருந்தேன்... அப்போதும் சொல்லவில்லை.

நேற்று அந்த மகளுக்கு, நான்தான் அந்த வீட்டுப் பெண் என்று மெசேஜ் போட்டேன். உடனே பதில் வந்தது.

மாதத்தின் முதல் ஞாயிறு அவர்கள் பட்டினி இருந்து யாருக்காவது ஜெபம் செய்வார்களாம். ஒவ்வொரு முறையும் எல்டர் என் அப்பா பெயரைச் சொல்வாராம். "அந்த வீட்டை எப்படியோ புண்படுத்திவிட்டேன் என்று என் அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். என்ன தப்பு செய்தோம் என்று கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். படித்துவிட்டாள். பதில் இன்னும் வரவில்லை.

போய் வாருங்கள் எல்டர். அங்கே என் அப்பாவைப் பார்த்தால்... அன்றைக்கு எங்கள் வீட்டில் தண்ணீர் குடித்ததை நீங்களே சொல்லிவிடுங்கள்.