மலை டெய்சியும் பிள்ளையாருக்குப் போன பூக்களும்

சிட்னியில் நர்சரி வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதமே வேலை போயிருக்க வேண்டியவன் நான். காரணம், என் பக்தி.

குவேக்கர்ஸ் ஹில் பக்கம் இருந்த அந்த நர்சரியில் ஆறு சட்டிகளில் ஒரே வகைச் செடி நின்றது. சூரியகாந்திக் குடும்பம், நடு ஆஸ்திரேலியப் பாலைவன மலைகளில், பாறை இடுக்கில் வளர்வது. லத்தீன் பெயர் வாயில் நுழையாது, மலை டெய்சி என்போம். அது வளர்ந்த மலைச்சரிவு தீயில் எரிந்துவிட்டது. இந்த ஆறு சட்டியும் தரும் விதையைத்தான் அங்கே திரும்ப விதைக்க வேண்டும். இதைச் சொன்ன மீட்டிங்கில் நானும் இருந்தேன், கவனிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஆறும் மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்திருந்தன. விடுவேனா? ஒன்றுவிடாமல் ஆய்ந்து, லஞ்ச் ரூமில் நான் ஒட்டியிருந்த பிள்ளையார் படத்துக்கு வைத்தேன்.

சூப்பர்வைசர் ரேவதி கோயம்புத்தூர்க்காரி, என்னைவிட இருபது வயது இளையவர்.

"அங்கிள், மலை டெய்சில பூ எங்க?"

"சாமிக்கு வைச்சனான், பிள்ளை."

அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "விதைக்கு விட்டிருந்த பூ அங்கிள் அது! ஒண்ணுகூட மிச்சம் வைக்கலையா?"

செய்த பிழைக்கு ஈடாக உரமும் தண்ணீரும் தூக்கிக்கொண்டு ஓடினேன். அதையும் தடுத்தார்.

"செல்லம் குடுத்தா வேர் அழுகிடும். வெயில்ல சும்மா விடுங்க. திரும்பப் பூக்கலைன்னா நம்ம ரெண்டு பேர் வேலையும் போச்சு."

இங்கே ஜனவரிதான் உச்சக்கோடை; அந்த வெயிலில் நிழல்வலைக்குள் இருந்த ஃபெர்ன் செடிகூடக் கருகியது. மலை டெய்சி மட்டும் இலையைச் சுருட்டிக்கொண்டு, சாம்பல் ரோமம் போர்த்தி, சரளைக்கல்லில் அசையாமல் நின்றது. தினமும் போய்ப் பார்ப்பேன். ஒருநாள், நான் கிள்ளிய காம்புகளுக்குக் கீழே இரண்டிரண்டு மொட்டு! என்ன செடியப்பா இது! நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன்.

அவை பூத்ததும், விதை காற்றில் பறக்காமல் வலைப்பை கட்டிக் காவல் இருந்து விதை எடுத்தோம். விதைப் பொதியில் 'சேகரித்தவர்' என்ற இடத்தில் ரேவதி என் பெயரை எழுதினார்.

"என்ரை பேர் வேண்டாம் பிள்ளை, வெட்கமாயிருக்கு."

"புடுங்கினதும் நீங்கதான், காப்பாத்தினதும் நீங்கதான். கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். வேலைக்குப் புதிதாய் வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கை வைக்க முன்னர் கேளுங்கள். இரண்டாம் தடவை பூக்கிற செடி எல்லா இடத்திலும் கிடைக்காது.