பாதியில் நின்ற திட்டு

பேக்கரியில் கூட வேலை பார்த்த சோக்கோ செத்துப்போன பிறகு நெட்சாயால் பொறுக்க முடியாமல் போனது ஒன்றே ஒன்றுதான். யாராவது பேச்சைப் பாதியில் நிறுத்தினால் மிச்சத்தைக் கேட்டுப் பிடுங்காமல் விடமாட்டாள். வாய்த்த கணவனோ, பாதியில் நிறுத்தி நிறுத்திப் பேசுவதையே பேச்சு என்று நினைக்கிற மனிதன். பள்ளிக்கூட வாசலில் காவல் வேலை. நாள் முழுக்கப் பேசாமல் நிற்பவனுக்கு வீட்டுக்கு வந்ததும் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"இன்னிக்கு கேட்டுக்கு ஒரு ஆளு வந்து..." என்று ஆரம்பித்தவன், சாட்ஸாக் களியை உருட்டிக் கீரையில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டான்.

"வந்து?"

அவன் மென்றான்.

"வந்து என்ன ஆச்சு? சொல்லித் தொலைச்சிட்டு மெல்லுங்களேன்."

விழுங்கினான். தண்ணீர் குடித்தான். "வழி கேட்டான். அவ்வளவுதான். அதுக்கு ஏன் இப்படிக் கத்துற?"

ஏன் என்று சொல்ல வாயைத் திறந்தால் அவன் எழுந்து கை கழுவப் போய்விடுவான். போனவரைப் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் பேசக்கூடாதாம். சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் வந்துவிடுமாம்.

நெட்சாய் என்றால் தொல்லை கொடு என்று அர்த்தம். அண்டை வீட்டோடு சண்டை என்றால் எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குப் பெயர் வைத்துக் குத்திக்காட்டுவார்கள். சண்டை போட்டவர்கள் மறுவருஷமே சமாதானமாகிவிடுவார்கள், பெயரைச் சுமப்பது பிள்ளை. நியாங்கா மலையில் உருளைக்கிழங்கு தோண்டி வளர்ந்தவள், கல்யாணம் ஆகி முட்டாரே நகரத்துக்கு வந்து, அங்கே சகுப்வாவில் இரண்டு அறை வாடகை வீட்டில் குடியேறி, பேக்கரியில் தரை துடைக்கச் சேர்ந்தாள். அவள் வாய்க்கு அஞ்சி யாரும் அவள் துடைத்த இடத்தில் குறை சொன்னதில்லை. சோக்கோவைத் தவிர.

அவருடைய பெயர் ஜைரோஸ். குரங்குக் குலம் என்பதால் எல்லோருக்கும் அவர் சோக்கோ. மாவு மேசையின் தலைமை ஆள் அவர்தான். நெட்சாயின் கணவனும் அதே குலம் என்று தெரிந்த நாளிலிருந்து அவளைத் தன் மேசைக்கு இழுத்துக்கொண்டார். ஊர் வேறு, ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனாலும் முறைப்படி அவர் மாமனார், அவள் மருமகள். அந்த முறையைச் சொல்லியே டீ கொண்டுவரச் சொல்வார், கோட்டைத் துவைக்கச் சொல்வார். அவளும் செய்வாள், செய்துகொண்டே திட்டுவாள். அவர் மாவை வெட்டி நிறுத்துப் போட, அவள் உருட்டி டின்னில் வைக்க, இரண்டு பேரும் காலையிலிருந்து மாலை வரை ஒருவரையொருவர் கரித்துக்கொட்டியபடி ஊருக்கே ரொட்டி போட்டார்கள். வேறு யாருடன் நின்றாலும் அவளுக்கு வேலை ஓடாது.

அன்றும் திட்டிக்கொண்டுதான் இருந்தார். டின்னுக்கு எண்ணெய் தடவுவதில் குற்றம் கண்டுபிடித்திருந்தார்.

"மருமகளே, நீ எண்ணெ தடவுற அழகப் பாத்தா, ஒன்ன எனக்கு மருமகளா அனுப்புன ஆளு..."

முடிக்கட்டும், திருப்பிக் கொடுக்கலாம் என்று நெட்சாய் பதிலைத் தயாராக வைத்திருந்தாள். நல்ல பதில். ஆனால் அவர் முடிக்கவில்லை. மாவு வெட்டும் தகட்டை மேசை மேல் மெதுவாக வைத்தார். ஆயுசு முழுக்க அதை வீசி எறிந்தே பழகிய மனிதர். பிறகு கீழே விழுந்த எதையோ தேடுகிறவர் மாதிரி குனிந்தார். அப்படியே இடது பக்கமாகச் சரிந்தார். தலை சிமெண்டில் மோதுவதற்குள் அவள் பாய்ந்து இரண்டு கையாலும் பிடித்துவிட்டாள்.

மாவு பிசையும் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. தலையைக் கீழே விட்டுவிட்டு எழுந்துபோய் ஆளைக் கூப்பிட அவளுக்கு மனம் வரவில்லை. அவர் அவளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் ஓடிவந்தார்கள், ரொட்டி வண்டியிலிருந்த தட்டுகளை வெளியே தள்ளிவிட்டு அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

வண்டி போன புழுதி அடங்குவதற்குள் சூப்பர்வைசர் வந்து நின்றார். அவளைப் பிள்ளையின் பெயர் வைத்துத்தான் கூப்பிடுவார். "பட்ஸி அம்மா, பிசைஞ்ச மாவு அப்படியே கெடக்கு. அடுப்பும் சூடா இருக்கு. இத மட்டும் போட்டு முடிச்சிடுங்க."

போட்டு முடித்தாள். அவர் வெட்ட வேண்டியதையும் சேர்த்து அவளே வெட்டி, உருட்டி, டின்னில் வைத்தாள். எப்படிச் செய்தாள் என்று இன்றுவரை அவளுக்கே தெரியாது. அன்று மாலை ஊர் அந்த ரொட்டியைத்தான் தின்றது.

மறுநாள் சூப்பர்வைசர் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னார்: "யாரு கேட்டாலும் ஒரே பதில். இங்க மயக்கம் போட்டாரு, ஆஸ்பத்திரியில நிம்மதியா உயிர் போச்சு." இங்கேயே போய்விட்டார் என்றால் தொழிலாளர் துறையிலிருந்து ஆட்கள் வருவார்களாம், அதைக் கேட்பார்களாம், இதைக் கேட்பார்களாம்.

அன்றிலிருந்து நெட்சாயால் மேசையில் நிற்க முடியவில்லை. எங்கேயாவது ஒரு டின் விழுந்தால் போதும், இரண்டு கையும் தானாக முன்னால் நீளும், எதையோ பிடிக்கப் போவது மாதிரி. பக்கத்தில் நிற்கிறவர்கள் முதலில் பயந்தார்கள், பிறகு சிரித்தார்கள். உருண்டைகள் கோணலாக வந்தன. சூப்பர்வைசர் பொறுத்துப் பார்த்துவிட்டு, சோக்கோவின் அடக்கம் முடிந்த பிறகும் இப்படியே இருந்தால் மேசைக்கு வேறு ஆளைப் போட வேண்டிவரும் என்றார். அந்த மேசையையும் விட்டுவிட்டால் தனக்கு என்ன மிஞ்சும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

தலைமை அலுவலகம் ஹராரேயிலிருந்து ஆறுதல் சொல்ல ஒரு பெண்ணை அனுப்பியது. அட்டைப்பெட்டி அடுக்கும் அறையில் இரண்டு நாற்காலி, நடுவில் கண் துடைக்கக் காகிதம். நல்ல பெண்தான், குரல்கூட இதமாக இருந்தது.

"கண்ண மூடிக்கோங்கம்மா. ஒங்களுக்குப் பாதுகாப்பா தோணுற ஒரு எடத்த நெனச்சுக்கோங்க."

"மாவு மேசை."

"வேற எடம்?"

"வேற எடம் எனக்கு ஏது? அங்கதான் நான் நின்னுக்கிட்டு இருந்தேன். அவரு தகட்ட வச்சதும் நான் என்னடா இதுன்னு..."

"அங்க இப்பப் போக வேண்டாம்மா. மூச்ச மட்டும் கவனிங்க."

நெட்சாய் மூச்சைக் கவனித்தாள். அது பாட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தது, அதில் கவனிக்க ஒன்றுமில்லை. சொல்ல வந்ததுதான் பாதியில் நின்றது.

தேவாலயத்து மூத்த சகோதரி ஜெபம் பண்ணிய தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து அறை மூலைகளில் தெளித்தாள். "என்ன நடந்துச்சுன்னு வாயால சொல்லாத. சொன்னா அது வீட்டுக்குள்ள வந்து ஒக்காந்துக்கும். ஆண்டவர் எடுத்துக்கிட்டார்னு சொல்லு, போதும்." குழாயடியிலாவது கேட்பார்கள் என்று பார்த்தால், அங்கே இன்னும் மோசம். என்ன ஆச்சு, எப்படி ஆச்சு என்று வாளியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்பார்கள். அவள் தகடு வரைக்கும் வருவதற்குள் ஒருத்தி, "எங்க சித்தப்பாவும் இப்படித்தான்" என்று ஆரம்பித்துவிடுவாள். சித்தப்பா செத்து, அவர் நிலம் பங்கு பிரிந்து, வழக்கு நடந்து முடிவதற்குள் வாளி நிரம்பிவிடும். ஆளாளுக்கு ஒரு சாவு வைத்திருந்தார்கள். அவளுடையதை வாங்கிக்கொள்ள ஒருத்தருக்கும் நேரமில்லை.

சோக்கோவின் மூத்த மகன் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வர வேண்டியிருந்தது. எல்லையில் பஸ் மாட்டிக்கொண்டது. அடக்கம் தள்ளித் தள்ளிப் போனது. ஒருவழியாக அவன் வந்துசேர்ந்தான். மறுநாள் காலை, அடக்கத்துக்கு முன்பாக, சோக்கோவின் வாசலில் கூட்டம் கூடியது. பேக்கரி தன் பங்குக்குத் தட்டுத் தட்டாக ரொட்டி அனுப்பியிருந்தது. டீயும் ரொட்டியும் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் அவரைப் புகழ்ந்தார்கள். அவர் உயிரோடு இருந்தபோது அந்த ஆளைக் கண்டால் வேறு பக்கம் ஒதுங்கிப் போனவர்கள்.

சவப்பெட்டியை வெளியே எடுப்பதற்கு முன் மருமகள்கள் ஆட வந்தார்கள். செத்தவரின் உடுப்பைப் போட்டுக்கொண்டு அவர் நடந்த மாதிரி நடந்து, பேசிய மாதிரி பேசி, அழுகிறவர்களைச் சிரிக்கவைப்பது மருமகள்களின் உரிமை. அவர்களை யாரும் தடுக்க முடியாது, கோபிக்கவும் கூடாது. வீட்டின் இரண்டாவது மருமகள் மேவிஸ், அவருடைய வெள்ளைக் கோட்டையும் தொப்பியையும் போட்டுக்கொண்டு வந்தாள். கையைக் கூப்பியபடி அடிமேல் அடி வைத்து நடந்தாள். "நன்றி பிள்ளைகளா, எல்லாரும் சாப்பிட்டீங்களா?" என்று குழைந்தாள்.

கூட்டம் மரியாதைக்குச் சிரித்தது. நெட்சாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரு இது? பாதிரியாரா?" என்றாள் உரக்க.

மேவிஸ் நின்றாள். "எங்க மாமனாரு."

"ஒங்க மாமனாரு என்னிக்கு யார சாப்டியான்னு கேட்டாரு? சாப்புடுறவங்களப் பாத்தா, தின்னு தின்னு கை மந்தமாயிடுச்சும்பாரு."

"அவ்வளவு தெரிஞ்சா நீயே பண்ணு. நீயும் மருமகதான." மேவிஸ் கோட்டைக் கழற்றி அவள் மேல் எறிந்தாள்.

நெட்சாய் கோட்டை மாட்டிக்கொண்டாள். தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டாள். தேநீர்ப் பானையின் மூடி ஒன்று கிடந்தது. அதைத் தகடாக எடுத்து, வாசலோர மரப்பெட்டி ஒன்றின் மேல் ஓங்கி அடித்தாள்.

"இது மாவா, இல்ல செவுரு பூசுற மண்ணா?" குரல் அச்சு அசல் அவருடையது. "இத எவண்டா பெசஞ்சான்? ஒன் பொண்டாட்டி எப்படிய்யா ஒன்ன வீட்டுல வச்சிருக்கா?"

பேக்கரி ஆட்கள் முதலில் வெடித்தார்கள். பிறகு வாசலே வெடித்தது. அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், மூடியை வீசி எறிந்தாள், எடுத்துத் தரச் சொல்லி மேவிஸை அதட்டினாள். ஜோகன்னஸ்பர்க் மகன் அழுதுகொண்டே சிரித்தான். அப்பா வந்துவிட்டார், அப்பாவேதான் என்றான். உள்ளே பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள்கூட வாசலை எட்டிப் பார்த்தார்கள்.

அவள் அந்த இடத்துக்கு வந்துவிட்டாள். வர வேண்டும் என்று நினைத்து வரவில்லை, அவரைச் சரியாகச் செய்தால் அங்கேதான் போய் நிற்கும்.

"மருமகளே, நீ எண்ணெ தடவுற அழகப் பாத்தா..."

"பட்ஸி அம்மா, போதும்," என்று சூப்பர்வைசர் கூட்டத்திலிருந்து எழுந்தார். "அவரு ஆஸ்பத்திரியில நிம்மதியா..."

மருமகள்கள் துடைப்பமும் கையுமாக அவரைச் சுற்றிக்கொண்டார்கள். "நாங்க ஆடும்போது குறுக்க பேசுனா அபராதம் தெரியுமா? அபராதம் வை, இல்லாட்டி வந்து ஆடு." அவர் சட்டைப்பையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்தார்.

"...ஒன்ன எனக்கு மருமகளா அனுப்புன ஆளு..." என்றாள் நெட்சாய், நின்றாள்.

மிச்சத்துக்காகக் கூட்டம் வாயைப் பிளந்து காத்திருந்தது. அவள் பானை மூடியை மரப்பெட்டி மேல் மெதுவாக வைத்தாள். எதையோ தேடுவது போலக் குனிந்தாள். இடது பக்கமாகச் சரிந்து புழுதியில் விழுந்தாள்.

சிலர் சிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். எழுந்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் விழுந்த இடத்திலேயே கிடந்தாள்.

உள்ளேயிருந்து சோக்கோவின் மனைவி எழுந்து வந்தாள். பெட்டியை விட்டு எழக்கூடாது என்று இழுத்துப் பிடித்தவர்களை உதறிவிட்டு, போர்வை தரையில் இழுபட வந்து, நெட்சாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்தப் பக்கமாவா விழுந்தாரு?"

"இந்தப் பக்கந்தான் அத்தை."

"தலையில அடிபட்டுச்சா?"

"படல. நான் புடிச்சிட்டேன்."

அவள் நெட்சாயின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "இப்படியா?"

"இப்படித்தான். ஆனா என் கையெல்லாம் மாவு. அவரு முடியெல்லாம் அப்பிடுச்சு."

"முடியில மாவு ஒட்டுனா அவருக்கு ஆகாதே. திட்டுனாரா?"

"இல்ல அத்தை. பாத்தாரு. என்னத்தான் பாத்தாரு. அப்புறம் பாக்கல."

"அப்ப ஆஸ்பத்திரியில யாருமில்லாம போயிடல."

"இல்ல. என் கையிலதான் போனாரு."

அத்தை போர்வை நுனியால் நெட்சாயின் முகத்துப் புழுதியைத் துடைத்தாள். சூப்பர்வைசர் இருந்த பக்கம் அவள் திரும்பக்கூட இல்லை. "மொதல்லேந்து சொல்லு," என்றாள். "காலையில அவரு உள்ள வந்ததுலேந்து."

நெட்சாய் சொன்னாள். மடியில் தலையை வைத்தபடியே, டீயில் சர்க்கரை போதாது என்று அவர் கத்தியதிலிருந்து ரொட்டி வண்டி புறப்பட்டது வரை சொன்னாள். அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தன் சித்தப்பா ஞாபகம் வரவில்லை.

"அப்புறம்? நீ அழுதியா?"

"எங்க அழ விட்டாங்க? பெசஞ்ச மாவு கெடக்கு, போட்டு முடின்னாங்க."

"இப்ப மாவு ஒண்ணும் கெடக்கல," என்றாள் அத்தை. "அழு."

நெட்சாய் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, எண்ணெய் தடவுவதைப் பற்றி அந்த ஆளுக்குச் சொல்ல வைத்திருந்த பதிலையெல்லாம் சொல்லித் திட்டித் திட்டி அழுதாள்.