எல்லாரும் ஏறிய பிறகு

நெய்வேலியில் நான் வேலை பார்த்த நாட்களில், சுரங்கத்துக்குப் போகும் காலை ஷிப்ட் பஸ்ஸுக்கு எங்கள் பிளாக் நிறுத்தத்தில் முதல் ஆளாக வந்து நிற்பவர் அவர். முப்பது வயதைத் தாண்டாத கான்ட்ராக்ட் தொழிலாளி. காக்கிக் கால்சட்டைக்குள்ளும் தொடைச் சதை திரண்டு தெரியும். பஸ் வந்ததும் நாங்கள் முண்டியடிப்போம், அவர் அசையமாட்டார். கடைசி ஆள் ஏறிய பிறகுதான் காலை எடுத்து வைப்பார். பாதி நாள் இடமிருக்காது. பஸ்ஸை விட்டுத் தாமதமாகப் போனால், அன்றைக்கு வேலை இல்லை என்று கான்ட்ராக்டர் திருப்பி அனுப்பிவிடுவார்.

"மொதல்ல வந்துட்டு ஏங்க ஏறமாட்டேங்கறீங்க?" என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டுவிட்டேன்.

"இந்தியாவுக்காக ஓடப் போனேங்க," என்றார். "வெளிநாட்டுல, நூறு மீட்டர். துப்பாக்கி வெடிக்கறதுக்குள்ள காலு கெளம்பிடுச்சி. ஒரு தடவ அப்படி ஆனா போதும், வெளிய அனுப்பிடுவாங்க. ஓடாமலே ஊருக்கு வந்தேன்."

"அடுத்த போட்டியில ஓடியிருக்கலாமே?"

"போனேங்க. கடலூர்லதான். கோட்டுல குனிஞ்சேன், துப்பாக்கி வெடிச்சிது, எல்லாரும் ஓடிட்டாங்க. வெடிச்சது நெசந்தானான்னு யோசிச்சிகினு நான் மட்டும் அங்கியே குந்திகினு இருந்தேன்."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

அதற்குள் பஸ் வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்து இழுத்தேன். கல் மாதிரி நின்றார்.

"நீங்க ஏறுங்க சார்."

படிக்கட்டு வரை ஆள் நிரம்பி பஸ் கிளம்பியது. ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்தேன். காலியான நிறுத்தத்தில் ஒரு காலை முன்னே வைத்து நின்றிருந்தார். பின்காலின் குதிகால் தரையில் படவே இல்லை.